லைட்ரூம் 6-இலேயே தொடர்வதா, சந்தாப் பதிப்புக்கு மாறுவதா?

கேள்வி: கோத்தகிரி ஸ்டுடியோ

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் சிறிய ஸ்டுடியோ ஒன்றை நடத்தி வருகிறேன். திருமணங்களும் ஊர்த் திருவிழாக்களும்தாம் என் பிழைப்பு. 2015-இல், படங்களைத் திருத்தவும் அடுக்கி வைக்கவும் உதவும் லைட்ரூம் 6 மென்பொருள் வெளிவந்தபோது முழுத் தொகையையும் கட்டி வாங்கினேன். ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் நமக்கே என்ற முறையில் அடோபி விற்ற கடைசி லைட்ரூம் அதுதான் என்பதும், 2017 டிசம்பரில் வந்த 6.14-உடன் அதற்கான புதுப்பித்தல்கள் நின்றுவிட்டன என்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அன்று தொடங்கி இன்று வரை எடுத்த ஏறத்தாழ 62,000 படங்கள் ஒரே கேட்டலாக்கில் (படங்களின் பட்டியலையும் திருத்தங்களையும் லைட்ரூம் குறித்து வைக்கும் கோப்பில்) இருக்கின்றன. வேலை தடையின்றி நடந்துகொண்டிருந்ததால் புதிய பதிப்பைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

இப்போது யோசிக்க வேண்டியதாகிவிட்டது. பழைய கேனான் 6டி-யின் ஷட்டர் ஓய்ந்துவிட்டதால், தெரிந்த ஒருவரிடமிருந்து கேனான் ஆர்6 கேமராவை வாங்கினேன். அதன் ரா கோப்பு, அதாவது கேமரா பதிவுசெய்யும் மூலப் படக் கோப்பு, சிஆர்3 வகையைச் சேர்ந்தது. அந்த வகையே 2018-இல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய ஆண்டிலேயே வளர்ச்சி நின்றுபோன லைட்ரூம் 6 அதைத் திறப்பதில்லை. தை மாதத்து முதல் திருமணத்தை எடுத்து வந்து, இரவு பதினொரு மணிக்கு மெமரி கார்டைக் கணினியில் செருகிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. முன்னதாகவே ஒரு படத்தை எடுத்துச் சோதித்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணம் நம் ஊர்ப் பனிமூட்டம். ஹெத்தையம்மன் திருவிழாவின்போது பேரகணியில் 6டி-யில் எடுத்த ஒரு படம் என்னை வெகுநாளாகத் தொந்தரவு செய்கிறது. படுகர் சமூகத்துப் பெரியவர்கள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை, தலைப்பாகையுடன் வரிசையாக வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் புல்மேடு, அதற்கும் பின்னால் இறங்கி வந்த மேகம். வெள்ளைக்குப் பின்னால் வெள்ளை. ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளின் ஒளியை, குறைத்தால் சால்வையின் மடிப்பு தெரிகிறது, ஆனால் படம் முழுவதும் சாம்பல் பூத்துவிடுகிறது. விளிம்புகளை அழுத்தமாகக் காட்டும் கிளாரிட்டியை ஏற்றினால் முகச் சுருக்கங்கள் கீறல்களைப் போல் ஆகிவிடுகின்றன. மூட்டத்தை விலக்கும் டிஹேஸ் வசதி 2015 ஜூனிலேயே வந்துவிட்டது என்றாலும், அது சந்தா கட்டியவர்களின் பதிப்புக்கே தரப்பட்டது. என் பதிப்பில் அந்த ஸ்லைடர் இல்லை.

மாறுவதற்குத் தயங்குவதற்கும் காரணங்கள் உண்டு. பத்தாண்டுத் திருத்தங்கள் புதிய பதிப்பில் அப்படியே வருமா? சந்தாவை நிறுத்தினால் என் வேலை பூட்டப்பட்டுவிடுமா? மழைக்காலத்தில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் நான்கைந்து நாள் இணையமே இருக்காதே, அப்போது மென்பொருள் திறக்குமா? என் கணினியில் 8 ஜிபி ரேம்தான், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, விண்டோஸ் 10. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: குன்னூரிலிருந்து

வணக்கம். நான் 2022-இல் இதே லைட்ரூம் 6-இலிருந்து லைட்ரூம் கிளாசிக்குக்கு மாறியவன் என்பதால் தங்கள் அச்சங்கள் ஒவ்வொன்றும் எனக்கும் இருந்தவையே.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 2017 அக்டோபரில் அடோபி லைட்ரூமை இரண்டாகப் பிரித்தது. நாம் பழகிய, படங்களை நம் ஹார்ட் டிஸ்கிலேயே வைத்துக்கொள்ளும் மென்பொருளுக்கு லைட்ரூம் கிளாசிக் என்று பெயர். வெறுமனே லைட்ரூம் என்று இருப்பது படங்களை இணையம் வழியாக அடோபியின் மேகக் கிடங்குக்கு (கிளவுட்) அனுப்புவதை அடிப்படையாகக் கொண்டது. தங்களுக்கு வேண்டியது கிளாசிக். ஒரு திருமணத்துக்கு 3,000 ரா படங்கள், ஒவ்வொன்றும் சுமார் 20 எம்பி என்று வைத்துக்கொண்டால் 60 ஜிபி ஆகிறது. வினாடிக்கு 10 மெகாபிட் வேகம் ஒரு நொடியும் குறையாமல் கிடைத்தாலும் அதை மேலே ஏற்ற 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மலையில் இருந்துகொண்டு அந்த வழியை நம்பித் தொழில் செய்ய முடியாது.

பழைய திருத்தங்களைப் பற்றி அஞ்ச வேண்டாம். கிளாசிக் தங்கள் கேட்டலாக்கைத் திறக்கும்போது புதிய நகல் ஒன்றை உருவாக்கி அதைத்தான் மாற்றியமைக்கும். பழைய கேட்டலாக் இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய படங்கள் எந்தக் கணக்கீட்டு முறையில் திருத்தப்பட்டனவோ அதே முறையில்தான் காட்டப்படும், நாமாக மாற்றச் சொன்னால் ஒழிய. ஆனால் இது ஒருவழிப் பாதை. புதிய கேட்டலாக்கை லைட்ரூம் 6 திறக்காது. மாறிய பிறகு செய்யும் வேலை பழைய பதிப்புக்குத் திரும்பி வராது.

சந்தா நின்றுபோனால் முழுவதும் பூட்டப்படுவதில்லை. படத்தைத் திருத்தும் டெவலப், எடுத்த இடத்தை வரைபடத்தில் காட்டும் மேப் ஆகிய இரண்டு பகுதிகள் மட்டும் முடங்கும். படங்களைப் பார்க்கலாம், தேடலாம், ஏற்கெனவே செய்த திருத்தங்களுடன் ஜேபெக் ஆகவோ டிஃப் ஆகவோ வெளியே எடுக்கலாம். எனக்கு மனத்துணிவைத் தந்தது இந்த ஒரு விவரம்தான். இணையத்தைப் பொறுத்தவரை, ஆண்டுச் சந்தா எடுத்தவர்களுக்கு 99 நாள் வரை இணைப்பு இல்லாமலே மென்பொருள் வேலை செய்யும். மாதச் சந்தா என்றால் 30 நாள். இங்குள்ள எந்த மழையையும் இது தாங்கும்.

பனிமூட்டப் படத்துக்கு டிஹேஸ் மட்டும் மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். அதைப் படம் முழுவதற்கும் ஏற்றினால் நிழல்களில் நீலம் ஏறும், வெள்ளைத் துணி அழுக்குப் பிடித்ததைப் போல் ஆகும். உண்மையான பயன் 2021 அக்டோபரில் வந்த புதிய மாஸ்க் வசதியில், அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்தும் வசதியில், இருக்கிறது. ஆட்களை அதுவே கண்டறிந்து தேர்ந்தெடுக்கும். அந்தத் தேர்வைத் திருப்பிப் போட்டுப் பின்னணிக்கு மட்டும் டிஹேஸ் கொடுக்கலாம், முகங்களைத் தொடவே வேண்டியதில்லை.

பதில் 2: மசினகுடியிலிருந்து

முதுமலைப் பக்கம் காட்டுயிர்ப் படங்கள் எடுப்பவன் என்ற முறையில் கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மாலை மங்கிய பிறகு ஐஎஸ்ஓ (ஒளியுணர் அளவு) 6400-க்கும் மேலே போக வேண்டியிருப்பதால், 2023 ஏப்ரலில் கிளாசிக்கில் வந்த படத்தில் தெரியும் புள்ளிகளை நீக்கும் செயற்கை நுண்ணறிவு டிநாய்ஸ் வசதிக்காகவே நான் சந்தா கட்டினேன். காட்டெருமையின் முதுகில் கறுப்புப் புள்ளிக் கூட்டமாகத் தெரிந்த இடத்தில் ரோமம் இழை இழையாகத் தெரிந்தபோது உண்மையிலேயே வியந்தேன். ஆனால் என் பழைய கணினியில் ஒரு படத்துக்கு ஏழு நிமிடம் ஆயிற்று. அந்த வசதி முழுக்க முழுக்க கிராபிக்ஸ் கார்டை நம்பியிருப்பது. தங்களிடம் தனி கார்டு இல்லை என்றால், திருமணப் படங்கள் நானூறுக்கு அதைப் பயன்படுத்துவது நடவாத காரியம். கிளாசிக்குக்கு 8 ஜிபி ரேம் குறைந்தபட்சத் தேவை, 16 ஜிபி பரிந்துரை. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவும் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. ஆகவே தாங்கள் போட வேண்டிய கணக்கு சந்தாத் தொகையோடு நிற்காது. கணினிச் செலவையும் சேர்த்தே பாருங்கள்.

அந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் நான் டார்க்டேபிளுக்குப் போனேன். அது கட்டணமற்ற திறமூல மென்பொருள். 2021 டிசம்பரில் வந்த 3.8 பதிப்பிலிருந்து சிஆர்3 கோப்புகளைத் திறக்கிறது. மூட்டத்தை விலக்குவதற்குத் தனிப் பகுதியும் அதில் உண்டு. ஒளி அளவையும் நிறத்தையும் அது அணுகும் முறையே வேறு என்பதால் லைட்ரூமில் பத்தாண்டு பழகிய கை முதல் மாதம் தடுமாறும். லைட்ரூமில் செய்த திருத்தங்களில் நட்சத்திரக் குறி, கிராப் போன்ற சிலவற்றைத்தான் அது எடுத்துக்கொள்ளும். நிறமும் ஒளியும் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. காட்டில் ஒரு நாளைக்குப் பத்துப் படம் தேர்ந்தெடுக்கும் எனக்கு இது போதும். பத்து நாளில் ஆல்பம் கொடுக்க வேண்டிய தங்களுக்குப் போதுமா என்பதைத் தாங்கள்தாம் எடைபோட வேண்டும்.

பதில் 3: ஊட்டியிலிருந்து

தம்பி, நான் ஃபிலிமிலிருந்து வந்தவன். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நம் ஊட்டியிலேயே தயாரித்த இந்து கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்த நெகடிவ்கள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. இந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைத்திருக்கிறேன்; எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் படம் தெரியும். லைட்ரூமில் நாம் செய்யும் திருத்தம் அப்படிப்பட்டதல்ல. அது படத்தில் ஏறுவதில்லை. இவ்வளவு ஒளி கூட்டு, இவ்வளவு கறுப்பு குறை என்று கேட்டலாக்கில் எழுதி வைத்த செய்முறைக் குறிப்பு மட்டுமே. அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் இல்லையென்றால் உன் பத்தாண்டு உழைப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மாறினாலும் மாறாவிட்டாலும், நல்ல படங்களை 16 பிட் டிஃப் ஆக வெளியே எடுத்து இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள். எல்லாப் படங்களையும் எடுக்க வேண்டாம். அது இடத்தை விழுங்கிவிடும். உன் பெயர் சொல்லும் படங்களை மட்டும் எடு. லைட்ரூம் 6-இன் நிறுவல் கோப்பையும் வரிசை எண்ணையும் அவற்றோடு சேர்த்து வை.

புதிய கேமராவுக்காக இன்றைக்கே மாற வேண்டிய அவசியமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடோபியே இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டரில் சிஆர்3 கோப்புகளைக் கொடுத்தால் டிஎன்ஜி என்ற பொதுவான ரா வகைக்கு மாற்றித் தரும். அதை லைட்ரூம் 6 திறக்கும். ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். அந்தக் கன்வெர்ட்டரின் அமைப்புகளில் (Preferences) பொருந்தும் பதிப்பு எது என்று கேட்கும். அதில் கேமரா ரா 7.1 மற்றும் அதற்குப் பிந்தையவை என்பதைத் தேர்ந்தெடு. வந்தபடியே விட்டால் புதிய முறையில் எழுதிவிடும், பழைய பதிப்பு திறக்க மறுக்கும். நான் முதல்முறை இதைக் கவனிக்காமல் ஒரு முழுத் திருமணத்தையும் மறுபடி மாற்றினேன். மூல சிஆர்3 கோப்புகளை அழித்துவிடாதே. நாளைக்குப் புதிய பதிப்புக்குப் போனால் அவற்றை நேரடியாகத் திறந்துகொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி ஸ்டுடியோ

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி டிஎன்ஜி வழியில் நேற்று அந்தத் திருமணத்தைத் திறந்துவிட்டேன். 2,140 கோப்புகளை மாற்ற இரவு முழுவதும் கணினி ஓடியது. மின்சாரம் இருமுறை போய் வந்தது. யூபிஎஸ் இருந்ததால் தப்பித்தேன். நிறம் 6டி-யில் வந்ததைவிடச் சற்று மாறுபட்டிருக்கிறது, ஆனால் முகூர்த்தப் பட்டின் சிவப்பைச் சரிசெய்து மற்றப் படங்களுக்கும் அப்படியே போடத்தக்க ஒரு ப்ரீசெட்டாக வைத்துக்கொண்டேன்.

குன்னூர் நண்பரின் ஆலோசனையைச் சோதிக்க, ஏழு நாள் சோதனைப் பதிப்பாகக் கிளாசிக்கை நிறுவி, கேட்டலாக்கின் நகலை வேறொரு ஹார்ட் டிஸ்கில் வைத்துத் திறந்தேன். பேரகணிப் படத்தில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது என் கணினி வெகுநேரம் எடுத்துக்கொண்டது. ஓரத்தில் நின்ற ஒரு பெரியவரின் தலைப்பாகையை மேகத்தோடு சேர்த்துவிட்டது. அதை பிரஷ்ஷால் திருத்தினேன். பிறகு தேர்வைத் திருப்பிப் போட்டுப் பின்னணிக்கு மட்டும் டிஹேஸ் 22 கொடுத்து, கூடவே ஏறிய நீலத்தை வெப்பநிலை ஸ்லைடரால் குறைத்தேன். புல்மேட்டின் விளிம்பு மெல்லிய கோடாக எழுந்து வந்தது, அதன் முன்னால் வெள்ளைத் தலைப்பாகைகள் தனித்தனியாக நின்றன. முகங்களில் நான் ஒன்றும் செய்யவில்லை. அன்று நான் நேரில் கண்டது இதுதான்.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகு மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன். எப்போது என்பதில்தான் யோசனை. முகூர்த்தங்கள் வரிசையாக இருக்கும்போது மென்பொருளையும் கணினியையும் ஒருசேர மாற்றும் துணிவு எனக்கில்லை. ஆடியில் திருமணங்கள் இருக்காது, கையில் நேரம் இருக்கும். அதுவரை டிஎன்ஜி வழியில் லைட்ரூம் 6-இலேயே வேலை செய்வேன். சந்தாவுக்கு முன்பாக 16 ஜிபி ரேமும் 8 ஜிபி நினைவகம் கொண்ட கிராபிக்ஸ் கார்டும் உள்ள கணினிக்குச் சேமிக்கப் போகிறேன். பழைய கணினியை விற்கப் போவதில்லை. இணைய இணைப்பைத் துண்டித்து, லைட்ரூம் 6-உடனும் பழைய கேட்டலாக்குடனும் அப்படியே வைத்திருப்பேன்.

மசினகுடி நண்பருக்கு ஒரு கேள்வி: டிநாய்ஸை மண்டபத்துக்குள் மஞ்சள் விளக்கில் எடுத்த முகங்களுக்குப் பயன்படுத்திப் பார்த்ததுண்டா? தோல் மெழுகு பூசியதைப் போல் ஆகிவிடுமா?

பதில் 2-ஐ எழுதியவர்: மசினகுடியிலிருந்து

தங்கை திருமணத்தில் பயன்படுத்தினேன். அளவு இயல்பாக 50-இல் வந்து நிற்கும். அதில் கன்னம் வழுவழுப்பாகிவிட்டது. 25-க்கும் 30-க்கும் இடையில் வைத்தபோது தோலின் நயம் கெடாமல் புள்ளிகள் மட்டும் அடங்கின. தங்களிடம் இப்போது இருக்கும் சோதனைப் பதிப்பு முடிவதற்குள் ஆர்6-இன் மூலக் கோப்பு ஒன்றில் முயன்று பாருங்கள். ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பொறுத்திருந்து, 12-க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டுப் பார்த்த பிறகு எந்த அளவு என்று முடிவு செய்யுங்கள்.