சாப்பாட்டு மேசையில் 17 வயதுப் பையனுக்கு பீர் ஊற்றிய பெரியப்பா. நான் கிளாஸை எடுத்தது தப்பா?

பீடோங் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் இரண்டு நாளாக இதே பேச்சு, அதனால் இங்கே கேட்கிறேன். நாங்கள் மலேசியாவில், பீடோங்கில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு செம்பனை ஆலையில் வேலை, நான் வீட்டிலேயே தையல். மூத்தவனுக்கு 17 வயது, ஐந்தாம் படிவம், இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை.

பிள்ளைகளின் பெரியப்பா குடும்பம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஆறு வருஷத்துக்குப் பிறகு லீவில் வந்தார்கள் என்று போன சனிக்கிழமை எல்லாருமாக சுங்கைப் பட்டாணியில் ஒரு சீனர் கடைக்குச் சாப்பிடப் போனோம். மீன், இறால், தவ்ஹூ என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரியவர்களுக்கு பீர் வந்தது, அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. நடுவில் பெரியப்பா இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கி, பாதி ஊற்றி, என் மகன் முன்னால் தள்ளி வைத்தார். "குடிடா, நீ என்ன சின்னப் பிள்ளையா?" அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் சிரித்தார். இவனும் இரண்டு மடக்கு குடித்துவிட்டான். நான் கையை நீட்டி கிளாஸை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மேசையிலும் யாரும் சரியாகப் பேசவில்லை.

பெரியப்பா சொல்வது, அங்கே அவர் மகளுக்கு 16 வயது, அப்பா அம்மாவோடு கடையில் சாப்பிடும்போது ஒரு கிளாஸ் வைன் குடிப்பாளாம், சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறதாம், நாம்தான் இன்னும் தோட்டத்துப் புத்தியிலேயே இருக்கிறோமாம். (அவரும் இதே தோட்டத்தில் பிறந்தவர்தான், அது வேறு கதை.) என் வீட்டுக்காரர் சொல்வது, எங்கேயாவது திடலில் கூட்டாளிகளோடு ஒளிந்து குடிப்பதற்கு நம் கண் முன்னால் குடித்துப் பழகட்டும் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இங்கே சட்டம் என்ன? நான் எல்லார் முன்னாலும் அப்படி எடுத்தது அதிகப்பிரசங்கித்தனமா?

தட்டுதூக்கி:

அக்கா, நான் ஒன்பது வருஷமாகச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவன், முதலில் மேசை, இப்போது கல்லா. அதனால் கடைக்காரன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இங்கே 21. முன்பு 18 ஆக இருந்தது, 2017 டிசம்பர் 1 முதல் 21 ஆக ஏற்றிவிட்டார்கள். 1985 உணவு விதிமுறைகளில் செய்த திருத்தம் அது. 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மது விற்றால் 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டு வருஷம் வரை சிறை. மாட்டுவது விற்றவர். உங்கள் மேசையில் பில் கட்டியது பெரியப்பாவாகவே இருக்கட்டும், ஆனால் அதிகாரி உள்ளே வரும்போது பையன் முன்னால் கிளாஸ் இருந்தால் எங்கள் தாவ்கே (முதலாளி) அவரிடம் நின்று "இது அவன் பெரியப்பா வாங்கியது சார்" என்று கதை சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? லைசென்ஸ் அவர் பெயரில். அதனால் எங்கள் கடையில் பீர் கேட்டால் எத்தனை கிளாஸ் என்று நாங்களே தலையை எண்ணித்தான் வைப்போம், சந்தேகமாக இருந்தால் ஐசி (அடையாள அட்டை) கேட்போம். கேட்டால் சில அப்பாக்களுக்கு வருகிற கோபம் இருக்கிறதே! "என் பையன், என் காசு, உனக்கென்ன" என்று ஒருவர் மெனு அட்டையைத் தூக்கி வீசியே இருக்கிறார். அன்றைக்கு அந்த மேசைக்குப் பரிமாறி அதை வாங்கிக்கட்டிக்கொண்ட பெண் வெறும் 1,700 வெள்ளி சம்பளத்துக்கு வேலை செய்கிற பிள்ளை.

இங்கிலாந்து கதையையும் தேடிப் படித்தேன். உங்கள் மச்சான் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 16, 17 வயதுப் பிள்ளைகள் கடையில் உட்கார்ந்து சாப்பாட்டோடு பீர், வைன், சைடர் மட்டும் குடிக்கலாம். கூட 18 தாண்டிய ஆள் இருக்க வேண்டும், அவர்தான் வாங்க வேண்டும். விஸ்கி, பிராந்தி கிடையாது. சாப்பாடு இல்லாமல் பாரில் நின்று குடிக்கவும் கூடாது. கடைக்காரர் முடியாது என்றால் முடியாதுதான். அந்தச் சட்டத்தை அவர் பெட்டியில் வைத்து சுங்கைப் பட்டாணிக்குக் கொண்டுவர முடியாது. நீங்கள் கிளாஸை எடுத்ததில் அந்தக் கடையில் உங்களுக்குப் பரிமாறியவர்தான் முதலில் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்.

பழைய லயத்துக்காரன்:

தங்கச்சி, எனக்கு 68 வயது. கண் முன்னால் குடித்தால் அளவு தெரியும் என்கிற பேச்சைப் படித்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் லயத்தில் யார் அம்மா ஒளிந்து குடித்தது? தோட்டத்திலேயே கள்ளுக்கடை, நடத்தியது நிர்வாகம். ரப்பர் பால் எடை போட்டுவிட்டு நேராக அங்கேதான். சம்பளம் கொடுத்த கையே வாங்கிக்கொண்டது. ஒன்பது பத்து வயதில் நானே தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய் அப்பாவுக்கு வாங்கி வந்திருக்கிறேன். வழியில் ஒரு வாய் குடித்துப் பார்க்காத பையன் எங்கள் வரிசையில் இல்லை. எங்கள் அப்பா கடைசி வரை எங்கள் முன்னால்தான் குடித்தார். என் அண்ணன் அவர் முன்னால்தான் ஆரம்பித்தான், அவர் ஊற்றிக் கொடுத்துத்தான் ஆரம்பித்தான். 41 வயதில் போய்விட்டான். கள்ளு இல்லை, அப்புறம் வந்த சம்சு என்கிற மலிவுச் சாராயம். ஒளிவு மறைவு இல்லாமல் இருந்ததால் அளவு வந்துவிடவில்லை.

நீங்கள் இருக்கிற பீடோங்குக்கே இதில் ஒரு கதை உண்டு, இன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1947-ல் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படைக்காரர்கள் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கள்ளுக்கடையை மறித்தார்கள், போலீஸ் இறங்கியது. அதற்கு முன்னால் 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோதும் கேட்ட கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பது ஒன்று. கூலியை ஏற்றிக் கொடு என்று கேட்ட அதே ஆட்கள்தான் இதையும் கேட்டார்கள். அதனால் உங்கள் மச்சானிடம் சொல்லுங்கள், தோட்டத்துப் புத்தி என்றால் குடிக்கிற புத்தி மட்டும் இல்லை, கடையை மூடு என்ற புத்தியும் தோட்டத்திலிருந்துதான் வந்தது.

நான் குடிக்காதவன் இல்லை, தீபாவளிக்கு ஒரு ஸ்டவுட் (கறுப்பு பீர்) உண்டு. எங்கள் அம்மா பிள்ளை பெற்றபோது பலத்துக்கு என்று அதைத்தான் கொடுத்தார்களாம், அந்தக் காலத்து வைத்தியம்.

கூலிம் பையன்:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் மாறிச் சொல்கிறேன், திட்டாதீர்கள். எனக்கு 24. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஷாண்டி டின் (கொஞ்சம் பீர் கலந்த இனிப்புப் பானம்) கொடுப்பார்கள், உங்கள் வீட்டிலும் கொடுத்திருப்பீர்கள், அதை யாரும் தப்பு என்று சொன்னதில்லையே? 18 வயதில் அப்பா ஒரு கல்யாண விருந்தில் பாதி கிளாஸ் பீர் கொடுத்தார். பெரிதாக ஒன்றும் இல்லை, கசப்பு. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது, "எங்கே குடிச்சாலும், எவ்வளவு குடிச்சாலும், மோட்டார் எடுக்காதே, எனக்குப் போன் போடு, நான் வர்றேன், அன்னிக்குத் திட்ட மாட்டேன்." 20 வயதில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு நான் போன் போட்டேன். வந்தார். திட்டவில்லை. மறுநாள் திட்டினார், அது வேறு. என் கூட்டத்தில் அப்பாவுக்குப் பயந்து போன் போடாமல் மோட்டார் எடுத்தவன் இன்றைக்கும் கால் இழுத்துத்தான் நடக்கிறான். அதனால் அந்த வீட்டுக்காரர் அண்ணன் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடாதீர்கள்.

தட்டுதூக்கி:

தம்பி, நீ சொன்னதை இன்னொரு தடவை நீயே படித்துப் பார். உன்னைக் காப்பாற்றியது அந்தப் பாதி கிளாஸா, "போன் போடு, வர்றேன்" என்ற பேச்சா? அந்தப் பேச்சை ஐஸ் லீமாவ் (எலுமிச்சைச் சாறு) வாங்கிக் கொடுத்தும் பேசலாமே.

கூலிம் பையன்:

அது சரிதான் அண்ணே. ஆனால் எங்கள் அப்பா பீர் இல்லாமல் வாய் திறக்கிற ஆள் இல்லை. 😅

இரவு ஷிப்ட்:

நான் தாதி, பன்னிரண்டு வருஷம், அதில் பாதி அவசரப் பிரிவு. சுருக்கமாகச் சொல்லலாம் என்று வந்தேன், நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மிடம் பழகட்டும் என்கிற எண்ணத்தை ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்து சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1,900 பிள்ளைகளை, 12, 13 வயதிலிருந்து ஆறு வருஷம் தொடர்ந்து கேட்டு எழுதினார்கள், 2018-ல் வெளிவந்தது. அப்பா அம்மா கையால் வாங்கிக் குடித்த பிள்ளைகளுக்கு அதனால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. வீட்டில் கிடைத்ததால் வெளியே தேடாமல் விட்டார்களா என்றால் அதுவும் இல்லை, வீட்டில் கொடுத்த பிள்ளைகளுக்கு அடுத்தடுத்த வருஷங்களில் வெளியிலும் வாங்கிக்கொள்கிற வாய்ப்புதான் கூடியது. ஒரு மடக்கு குடித்தவன் எல்லாம் குடிகாரன் ஆவான் என்று நான் சொல்லவில்லை, பெரியவரின் அண்ணன் மாதிரி எல்லாருக்கும் ஆகாது. ஆனால் கொடுப்பதால் நன்மை என்று நம்பிக் கொடுக்காதீர்கள். இருபதுகளின் நடுப்பகுதி வரை மூளை வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. நிதானத்தைப் பார்த்துக்கொள்கிற முன்பகுதிதான் கடைசியில் முடிகிறது, மது முதலில் தொடுவதும் அதைத்தான்.

இன்னொன்று. ஒளிந்து குடிக்கிற பிள்ளை பீரா வாங்கும்? கையில் பத்து வெள்ளி இருந்தால் எது மலிவோ அதைத்தான் வாங்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து எத்தனை பேர் செத்தார்கள் என்பது நினைவிருக்கும். அந்தப் பயம் வீட்டுக்காரருக்கு இருந்தால் அதில் நியாயம் இருக்கிறது, அதைப் பையனிடம் நேராகச் சொல்லட்டும். மலிவுப் போத்தலைத் தொடாதே, கண் மங்கினால், வயிறு புரட்டினால் தூங்கிச் சரிசெய்யலாம் என்று படுக்காதே, நேராக ஆஸ்பத்திரிக்கு வா என்று.

அப்புறம் பீடோங் அம்மா, யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். அன்றைக்குக் காரை ஓட்டி வந்தது யார்?

பீடோங் அம்மா:

நேற்று ராத்திரி இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு போனை மூடி வைத்துவிட்டேன். ஓட்டியது வீட்டுக்காரர்தான். எத்தனை கிளாஸ் என்று நான் எண்ணவில்லை, இரண்டு மூன்று இருக்கும். பின்னால் நானும் மூன்று பிள்ளைகளும். பையன் கிளாஸில் இருந்த கண்ணு அதில் போகவில்லை.

இன்றைக்குக் காலையில் வீட்டுக்காரரிடம் எல்லாப் பதிலையும் படித்துக் காட்டினேன். 21 என்றதும் "தெரியும் தெரியும்" என்றார். கள்ளுக்கடைக் கதை வந்தபோது அவர் தாத்தா பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கார் கேள்வி வந்ததும் எழுந்து போய் வாசலில் நின்றார். வண்டி ஓட்டுகிறவருக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மது 80 மில்லிகிராம் வரை என்று இருந்த வரம்பை 2020-லிருந்து 50 ஆகக் குறைத்துவிட்டார்கள் என்று ஆலையில் நடந்த கூட்டத்தில் அவருக்கே சொல்லியிருக்கிறார்கள்.

மகனிடமும் பேசினேன், தனியாக, துணி மடித்துக்கொண்டே. பிடித்ததா என்று கேட்டேன். "கசப்பும்மா. ஆனா பெரியப்பா குடுத்தாரு, அப்பா சிரிச்சாரு, குடிக்கலைன்னா அவங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடும்னு குடிச்சேன்." நான் எடுத்தபோது கோபமா என்றேன். கோபம் இல்லையாம், ஆனால் "நீங்க எடுத்திருக்க வேண்டாம், என்கிட்ட கண்ணால சொல்லியிருந்தா நானே தள்ளி வச்சிருப்பேன்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தட்டுதூக்கி தம்பி நான் செய்தது சரி என்கிறார், இவன் இப்படிச் சொல்கிறான், இரண்டும் மனசில் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா குடும்பம் ஊருக்குத் திரும்புகிறது. அதற்கு முன்னால் மறுபடியும் ஒரு சாப்பாடு, அதே கடைதான், அங்கே மீன் நன்றாக இருக்கிறது. போகும்போது யார் ஓட்டினாலும் வரும்போது கிராப் வாடகைக் கார் என்று வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். பெரியப்பாவிடம் பையனுக்கு ஊற்ற வேண்டாம் என்று யார் சொல்வது என்பதில்தான் இன்னும் முடிவு இல்லை. "அண்ணன்கிட்ட நான் எப்படிச் சொல்றது?" என்கிறார் இவர். நான் சொன்னால் சண்டை. மகன் சொல்கிறான், "நான் பார்லி ஆர்டர் பண்ணி முதல்லயே கையில வச்சுக்கிறேன், விடுங்கம்மா."