நீலகிரியில் எச்.ஐ.வி தடுப்புப் பணிக்கான நிதி: தலைக்கணக்கு மலைக்குப் பொருந்துமா?

கேள்வி – கோத்தகிரி வாசி
எங்கள் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா மாநிலத் தொழிலாளர்கள் லைன் வீடுகளில் தங்கியிருக்கிறார்கள். முன்பெல்லாம் தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள் வந்து, ஆணுறை கொடுத்து, விருப்பமுள்ளவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வார்கள். இப்போது எவரும் வருவதில்லை, நிதி நின்றுவிட்டது என்கிறார்கள். இதற்குப் பணம் தருவது யார்? தொற்று குறைந்த மாவட்டத்தில் செலவைக் குறைப்பது நியாயந்தானே என்று கிராம சபையில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்லலாம்?

பதில் 1 – முன்னாள் நம்பிக்கை மைய (எச்.ஐ.வி ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகர்
பணம் மத்திய அரசுடையது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்திலிருந்து தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்திற்கு வந்து, அங்கிருந்து ஒப்பந்த அடிப்படையில் தொண்டு நிறுவனங்களுக்குச் செல்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின், 2021 முதல் 2026 மார்ச் வரையிலான ஐந்தாம் கட்டத்திற்கு ஒதுக்கப்பட்டது 15,471.94 கோடி ரூபாய். 1992-இல் முதல் கட்டம் உலக வங்கிக் கடனில் தொடங்கியது என்பதை நினைத்துப் பார்த்தால், உள்நாட்டு நிதியில் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது.

சிக்கல் பங்கீட்டில் இருக்கிறது. எத்தனை பேரைச் சென்றடைகிறோம் என்ற தலைக்கணக்கை வைத்தே ஒரு திட்டத்தின் அளவு முடிவாகிறது. திருப்பூரில் ஒரே தெருவில் கிடைக்கும் எண்ணிக்கைக்கு இங்கே நாலைந்து தோட்டங்கள் ஏறி இறங்க வேண்டும். ஜீப் வாடகைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. என் யோசனை, தனிக் களப்பணியை எதிர்பார்த்துக் காத்திராமல், வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தோடு இதையும் இணைத்துவிடலாம் என்பதே.

பதில் 2 – குன்னூர் ஆய்வகத்தார்
‘தொற்று குறைவு’ என்று நமக்குச் சொல்வதே கண்காணிப்புதான். தேர்ந்தெடுத்த மையங்களில் மூன்று மாத காலத்திற்குள் தொடர்ச்சியாக வரும் 400 கர்ப்பிணிகளின் இரத்த மாதிரிகளைப் பெயர் நீக்கிப் பரிசோதிப்பது அதன் ஒரு பகுதி. ஆனால் ஆண் தொழிலாளியும், பேறுகாலத்திற்குச் சொந்த ஊருக்குப் போய்விடும் பெண்ணும் அந்த 400-இல் வரமாட்டார்கள். குறைந்த எண்ணைக் காட்டிச் செலவை வெட்டினால், அடுத்த முறை அந்த எண் உண்மைதானா என்று சரிபார்க்கவும் ஆளிருக்காது. சேமிப்பு என்று இதைச் சொல்வது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

பதில் 3 – கூடலூர் தோழி
ஆலோசகர் ஐயாவின் இணைப்பு யோசனை எனக்கு உடன்பாடில்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை கொண்டுவருபவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண். சுவருக்குச் சுவர் ஒட்டிய லைன் வீட்டில், அவர் எந்த வாசலில் அதிக நேரம் நின்றார் என்பது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒருவரின் எச்.ஐ.வி நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வாசல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். முகம் தெரிந்துவிடுமே என்று அஞ்சி, அருகிலுள்ள மையத்தை விட்டுவிட்டு மேட்டுப்பாளையமோ கோவையோ போய் மருந்து வாங்குபவர்களை நான் அறிவேன். ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகும். மருந்து இலவசம்தான், ஆனால் அதை வாங்கப் போகும் நாள் இலவசமில்லை.

ஆகவே கிராம சபையில் கேட்க வேண்டியது இரண்டு: தோட்டத்தில் கூலி வழங்கும் நாளை ஒட்டி, காசநோய், சர்க்கரை முதலியவற்றோடு எச்.ஐ.வி பரிசோதனையும் செய்யும் நடமாடும் முகாம். மலை மாவட்டங்களுக்குத் தலைக்கணக்கோடு தூரக்கணக்கும் சேர்ந்த நிதி. முதலாவதை மாவட்ட அளவிலேயே கோரலாம். இரண்டாவதற்குத் தீர்மானத்தின் நகல் சென்னைக்குப் போக வேண்டும்.

கோத்தகிரி வாசி
நன்றி. முகாமில் இந்தியும், ஜார்க்கண்ட் பக்கத்து மொழியான சாத்ரியும் பேசத் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.