வரலாற்றுப் போர் விளையாட்டில் சாலையும் ரயில் பாதையும்: விதிகளை எப்படி அமைப்பது?

தக்கலை வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தக்கலையிலும் நாகர்கோவிலிலும் உள்ள நண்பர்கள் சிலர் சேர்ந்து, அறுகோணக் கட்டங்கள் கொண்ட வரைபடத்தில் காய் நகர்த்தி ஆடும் இரண்டு போர் விளையாட்டுகளை உருவாக்கி வருகிறோம். முதலாவது, 1809 பிப்ரவரியில் திருவிதாங்கூரின் வேலுத்தம்பி தளவாயின் படைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் ஆரல்வாய்மொழியில் தொடங்கிய போர். இரண்டாவது, 1944-இல் ஜப்பானியர் இம்பாலையும் கோஹிமாவையும் முற்றுகையிட்ட போர். முதல் வரைபடத்தில் ரயிலே கிடையாது. வண்டிப்பாதையும் கணவாயும் ஆற்றுத்துறையும் ஏலா (வயல்) வரப்பும்தான் உண்டு. இரண்டாவதில் கல்கத்தாவிலிருந்து திமாப்பூர் வரை ரயிலும், அங்கிருந்து கோஹிமா வழியாக இம்பால் வரை மலைச்சாலையும் இருக்கின்றன.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் விதி மிக எளிமையானது. சாதாரணக் கட்டத்தில் நுழைய 2 நகர்வுப் புள்ளிகள், சாலை உள்ள கட்டத்துக்கு 1, ரயில் பாதை உள்ள கட்டத்துக்குக் கால் புள்ளி. ஆடிப் பார்க்கும்போது இரண்டு குறைகள் உடனே தெரிகின்றன. 1809 ஆட்டத்தில் சாலையை விட்டு யாருமே இறங்குவதில்லை. இரு தரப்பும் ஒரே கோட்டில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. 1944 ஆட்டத்திலோ, நேச நாட்டுப் படையை ஆடுபவர் வங்காளத்தில் உள்ள எல்லாக் காய்களையும் ஒரே சுற்றில் திமாப்பூரில் கொண்டுவந்து குவித்துவிடுகிறார். உண்மையில் அப்படி நடந்திருந்தால் கோஹிமாவில் அத்தனை நெருக்கடி வந்திருக்காது.

புள்ளிகளைக் கூட்டிக் குறைத்தால் இது சரியாகுமா, அல்லது சாலைக்கும் ரயிலுக்கும் அடிப்படையிலேயே வேறு வேறு விதிகள் வேண்டுமா? கணினி விளையாட்டுகளில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆரல் காற்று

வணக்கம் நண்பரே. நான் 1809 வரைபடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ரயிலை நன்கு அறிந்தவர்கள் அதைச் சொல்லட்டும்.

முதலில், சாலையைக் கட்டத்தின் தன்மையாக வைக்காமல், கட்டத்தின் பக்கத்தைக் கடந்து செல்லும் கோடாக வையுங்கள். ஒரு காய் எந்தப் பக்கத்தின் வழியாக அடுத்த கட்டத்துக்குள் நுழைகிறதோ, அதே பக்கத்தைச் சாலைக்கோடும் வெட்டிச் சென்றால் மட்டுமே சாலைச் சலுகை கிடைக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து தோவாளை வழியாக ஆரல்வாய்மொழிக்குப் போகும் பாதையும், பூதப்பாண்டிக்குப் போகும் பாதையும் தொடக்கத்தில் அடுத்தடுத்த கட்டங்களில்தான் விழும். ஆனால் இரண்டுக்கும் இடையே பழையாற்றுப் பாசன நஞ்சையும் குளங்களும் கிடக்கின்றன. கட்டத்துக்கே சலுகை என்று வைத்தால், பீரங்கி வண்டி வயலுக்குள் இறங்கி மறு சாலையில் எந்தச் சிரமமும் இல்லாமல் ஏறிவிடும்.

இரண்டாவது, சாலை யாருக்கு எவ்வளவு தேவை என்பதைக் காயின் வகையை வைத்துப் பிரியுங்கள். உங்கள் போரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஆரல்வாய்மொழி அரண் கணவாய்ப் பாதையை மறித்து நின்றது. நேராக வாசலுக்கு வந்தால் பீரங்கிகளுக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கும். கம்பெனிப் படையில் ஒரு பகுதி பாதையை விட்டு விலகி, இரவோடு இரவாகத் தென்பக்க மலையில் ஏறி, பிப்ரவரி 10 அன்று அரணைப் பக்கவாட்டிலிருந்து பிடித்தது. காலாள் அப்படி மலை ஏறலாம்; பீரங்கியும் வெடிமருந்து மூட்டைகளும் ஏற முடியாது. அவை வாசல் திறந்த பிறகு பாதை வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆகவே காலாளுக்குச் சாலை சிறிய சலுகையாகவும், மாட்டுவண்டியும் பீரங்கியும் கொண்ட காய்க்குச் சாலையே நிபந்தனையாகவும் இருக்கட்டும். மலைக்கட்டத்தில் காலாள் ஒரு சுற்று முழுவதையும் செலவிட்டு ஒரு கட்டம் நகரலாம் என்ற ஒற்றை விதியைச் சேர்த்துவிட்டால், நீங்கள் சொன்ன முட்டுக்கட்டை தானாகவே அவிழ்ந்துவிடும். காவல் காப்பவரும் தன் படை முழுவதையும் வாசலில் நிறுத்த முடியாமல் மலைமேல் கொஞ்சம் பிரித்து வைக்க வேண்டியதாகிவிடும்.

பருவத்தையும் விட்டுவிடாதீர்கள். மாசியில் கும்பப்பூ அறுவடைக்கு வயலில் நீர் வடிந்திருக்கும். வரப்பிலும் வயலிலும் ஆள் நடக்கலாம். இதே போர் ஐப்பசியில் நடந்திருந்தால் நாஞ்சில் நாட்டு வயல் ஒவ்வொன்றும் ஒரு தடையாக இருந்திருக்கும், பாலம் இல்லாத ஆற்றுத்துறைகளில் வண்டி நின்றுபோயிருக்கும். பருவத்தைப் பொறுத்து நஞ்சைக் கட்டத்தின் மதிப்பை மாற்றும் ஒரு சிறிய அட்டவணை போதும்.

வடசேரி

ரயிலைப் பற்றிய கேள்விக்கு என் பதில்: புள்ளிகளை மாற்றுவதால் தீராது. ரயில் பாதையை வேகமான சாலையாக நினைப்பதிலிருந்துதான் சிக்கலே தொடங்குகிறது. சாலையில் படை தன் காலால் நடக்கிறது. எத்தனை படை நடந்தாலும் நடப்பதற்கு வேறு எதுவும் தேவையில்லை. ரயிலில் போக என்ஜின் வேண்டும், பெட்டி வேண்டும், ஏற்றவும் இறக்கவும் மேடை வேண்டும், ஒற்றைப் பாதையாக இருந்தால் எதிரே வரும் வண்டி விலகி நிற்க நிலையம் வேண்டும். இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நாளைக்கு எத்தனை வண்டி விட முடியும் என்பதுதான் அந்தப் பாதையின் பலம். வண்டி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது அதற்கு அடுத்தது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1914-இல் ஒரு ஜெர்மானியக் கோர் படையை (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) ஏற்றிச் செல்ல 140 ரயில்கள் தேவைப்பட்டன. அரைமணிக்கு ஒன்று என்று இடைவிடாமல் விட்டால்கூட, முதல் வண்டி கிளம்பியதிலிருந்து கடைசி வண்டி கிளம்ப ஏறத்தாழ 3 நாட்கள் ஆகும். போக வேண்டிய தூரம் 50 கிலோமீட்டர்தான் என்றால், அதற்குள் அந்தப் படை நடந்தே போய்ச் சேர்ந்துவிடும். தூரம் கூடக் கூடத்தான் ரயிலின் பலன் தெரியும். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 செப்டம்பர் இறுதியில் தொடங்கி, வடக்குத் தரப்பு 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களை வர்ஜீனியாவிலிருந்து டென்னசி எல்லைக்கு ஏறத்தாழ 1,200 மைல் சுற்றிக் கொண்டுவந்தது. இரண்டு வாரத்துக்குள் பெரும்பகுதி வந்து சேர்ந்துவிட்டது. நடந்திருந்தால் மாதக் கணக்கில் ஆகியிருக்கும்.

இதிலிருந்து விதி எளிதாகவே வருகிறது. ரயிலில் தூரத்துக்குக் கட்டணம் வேண்டாம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் கட்டணம் வையுங்கள். நிலையம் உள்ள கட்டத்தில் ஒரு சுற்று ஏறுவதற்கு, பாதை தொடர்ந்து இருக்கும் வரை எவ்வளவு தூரமானாலும் அடுத்த சுற்று, இறங்கிய சுற்றில் தாக்குதல் கிடையாது. அதோடு ஒவ்வொரு பாதைக்கும் ஒரு சுற்றுக்கு இத்தனை என்று ஒரு கொள்ளளவை நிர்ணயித்துவிடுங்கள். எங்கள் வட்டத்தில் அதற்கு மஞ்சாடி முத்துகளைப் பயன்படுத்துகிறோம். பாதையின் தலைநிலையத்தில் 6 முத்துகள் இருக்கும். காலாள் காய்க்கு 1, பீரங்கிப் படைக்கு 2, முன்னணிக்கு ஒரு சுற்றுக்கான உணவும் தோட்டாவும் அனுப்ப 2 என்று எடுத்துக்கொண்டே வர, முத்து தீர்ந்தால் அந்தச் சுற்றுக்கு ரயிலும் தீர்ந்தது. படையைக் கொண்டுவருவதா, ஏற்கெனவே முன்னால் நிற்கும் படைக்குச் சோறு அனுப்புவதா என்ற கேள்வி அந்த நேரத்தில் ஆடுபவரின் கையில் வந்து நிற்கும். படைத்தலைவர்கள் உண்மையில் திணறியதும் அந்தக் கேள்வியில்தான்.

உங்கள் அசாம் பாதைக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். கல்கத்தாவிலிருந்து பார்வதிபூர் வரை அகலப் பாதை. அங்கே எல்லாச் சரக்கையும் இறக்கி மீட்டர் பாதை வண்டிக்கு மாற்ற வேண்டும். பிறகு பிரம்மபுத்திராவின் வடகரையில் அமின்காவ். அன்று அந்த ஆற்றுக்கு அங்கே பாலம் இல்லை, சராய்காட் பாலம் 1962-இல்தான் திறக்கப்பட்டது. பெட்டிகளைப் படகில் ஏற்றித் தென்கரையில் பாண்டுவில் இறக்கித்தான் திமாப்பூருக்கு அனுப்பினார்கள். ஆக, ஒரே கோடாக வரைந்திருக்கும் பாதையில் இரண்டு கழுத்துகள் இருக்கின்றன. அகலப் பாதைப் பகுதிக்கு 12 முத்து கொடுத்தாலும், பாண்டுவுக்கு அப்பால் 6-தான் என்று வைத்தால் குவிப்பு நின்றுவிடும். 1944 மார்ச்சில் அமெரிக்க ரயில் படைப்பிரிவுகள் அந்த மீட்டர் பாதையின் பெரும்பகுதியை ஏற்று நடத்தத் தொடங்கியதால், அந்தச் சுற்றிலிருந்து முத்துகளைக் கூட்டிக் கொடுக்கலாம்.

தக்கலை வாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பக்கம் கடக்கும் கோடு என்ற முறையை இன்றே வரைபடத்தில் ஏற்றிவிடுகிறேன். வடசேரி ஐயாவிடம் ஒரு துணைக்கேள்வி: ஒரு பகுதியைப் பிடித்தவுடன் அங்குள்ள ரயிலையும் பிடித்தவர் பயன்படுத்தலாமா? ஜப்பானியர் திமாப்பூரை எட்டிவிட்டால் என்ன செய்வது என்று எங்கள் விதித்தாளில் எதுவும் இல்லை.

வடசேரி

உடனே பயன்படுத்த விடக்கூடாது. பின்வாங்குபவர் என்ஜின்களைக் கொண்டுபோய்விடுவார், முடியாவிட்டால் உடைத்துவிடுவார். 1941-இல் ஜெர்மானியர் சோவியத் நாட்டுக்குள் நுழைந்தபோது தண்டவாள இடைவெளியே வேறாக இருந்தது. அங்கே 1,524 மில்லிமீட்டர், இவர்களுடையது 1,435. தண்டவாளத்தை நகர்த்தி அடிப்பது மட்டும் அவர்களுடைய சிக்கலாக இருக்கவில்லை. பெரிய சோவியத் என்ஜின்களுக்கு ஏற்றபடி நீர் பிடிக்கும் நிலையங்கள் வெகு தொலைவுக்கு ஒன்றாக இருந்ததால், ஜெர்மானிய என்ஜின்களுக்காக இடையிடையே புதிய நீர்நிலையங்கள் கட்ட வேண்டியிருந்தது. ஆகவே கைப்பற்றிய பாதையைச் சீரமைக்கத் தனிக் காய் ஒன்று வேண்டும். அது ஒரு சுற்றுக்கு இத்தனை கட்டம் என்று முன்னேற வேண்டும். பாலம் உள்ள கட்டத்தில் கூடுதலாக நிற்க வேண்டும். உங்கள் ஆட்டத்தில் ஜப்பானியர் பர்மாவில் ஏற்கெனவே பயன்படுத்தியதும் மீட்டர் பாதைதான். ஆகவே இடைவெளி மாற்றும் வேலை இல்லை. வண்டியும் என்ஜினும் இல்லாத குறை மட்டும் உண்டு.

குழித்துறைக் கரை

கணினி விளையாட்டு பற்றிய கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை என்பதால் சொல்கிறேன். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 வெளிவந்தபோது ரயில் தனிக் கோடாக இல்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உள்கட்டமைப்பு அளவு என்று ஓர் எண்தான் இருந்தது. 2021-இல் வந்த நோ ஸ்டெப் பேக் விரிவாக்கத்தோடு, தரம் பிரித்த ரயில் பாதைகளும் அவை சென்று சேரும் வழங்கல் மையங்களும் வரைபடத்தில் வந்தன. எனக்கு இரண்டாவது முறைதான் சரியென்று படுகிறது. வட்டார எண் எதையும் வெட்ட விடாது. கோடு இருந்தால் எதிரி அதில் ஓரிடத்தைக் குறிவைக்கலாம், காப்பவரும் அந்த இடத்தைக் காக்க ஆள் போட வேண்டும். இம்பால் போரின் கதையே அதுதானே. மார்ச் இறுதியில் கோஹிமாவுக்கும் இம்பாலுக்கும் இடையே சாலை வெட்டப்பட்டது. 1944 ஜூன் 22 அன்று 109-ஆவது மைல்கல்லில் இரு பக்கத்துப் படைகளும் சந்தித்த பிறகுதான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வான்வழியாகத்தான் இம்பால் உயிர்வாழ்ந்தது. எனவே வெற்றிப் புள்ளியை நகரங்களுக்குக் கொடுப்பதோடு, திமாப்பூர்–இம்பால் சாலை எத்தனை சுற்று திறந்திருந்தது என்பதற்கும் கொடுங்கள். வான்வழி வழங்கலுக்கும் தனியாகச் சில முத்துகள் வேண்டும்.

வரைபடத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். இன்றைய ரயில் வரைபடத்தை அடியில் வைத்துப் பழைய காலத்தை வரையாதீர்கள். நம் மாவட்டத்துக்கே ரயில் 1979-இல்தான் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பாதை திறந்தது அந்த ஆண்டில். திருநெல்வேலி இணைப்பு 1981-இல். இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தென்னிந்திய வரைபடம் என்று சிலர் இணையத்தில் பகிர்வதில் நாகர்கோவிலுக்கு ரயில் ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் தெற்கே வந்த ரயில் திருவனந்தபுரத்தோடும் திருநெல்வேலியோடும் நின்றது. இடைப்பட்டது முழுவதும் சாலைதான்.

ஜப்பானியத் தரப்புக்கு சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயிலையும் நீங்கள் வரைய வேண்டியிருக்கும். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்த பாதை அது. போர்க் கைதிகளோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் பல்லாயிரக்கணக்கில் அதைப் போடுவதில் இறந்தார்கள். அந்தக் கோட்டுக்கு மூன்று முத்து, நான்கு முத்து என்று நாம் எண் போடும்போது, விதிப்புத்தகத்தின் குறிப்பிலாவது அவர்களைப் பற்றி ஒரு பத்தி இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். தமிழில் வரும் விளையாட்டில் அது விடுபடக்கூடாது.

தக்கலை வாசி

அந்தப் பத்தி கட்டாயம் இருக்கும். அதை எழுத நீங்களே உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1944 ஆட்டத்தில் ரயிலுக்கு நகர்வுப் புள்ளியை முழுவதுமாக நீக்கிவிட்டு, பார்வதிபூர், பாண்டு, திமாப்பூர் ஆகிய மூன்று இடங்களிலும் தனித்தனி முத்துக் கிண்ணம் வைக்கப் போகிறோம். ஜூனிலிருந்து மலைச்சாலையில் மழையால் வரும் நகர்வுக் குறைப்பும் சேரும். 1809 ஆட்டத்துக்குக் காலாள், பீரங்கி, வண்டி என்று மூன்று நிரல்கள் கொண்ட நகர்வு அட்டவணை தயாராகிறது. இரண்டையும் ஆடிப் பார்த்தபின் விதித்தாளை இதே இழையில் பதிவிடுகிறேன்.