ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் 5 ஆண்டு லாபம்: வளர்ச்சியைக் கணக்கிடுவது எப்படி?

மழைத்துளி:
வணக்கம். வீடு கட்டி விற்கும் ஒரு நிறுவனத்தின் கடைசி 5 ஆண்டறிக்கைகளை வைத்துக்கொண்டு குழம்பிப் போயிருக்கிறேன். முதல் ஆண்டு நிகர லாபத்தை 100 என்று வைத்தால், அடுத்தடுத்து 35, 210, 60, 180 என்று போகிறது. கூட்டு வளர்ச்சி விகிதம் (ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை சதவீத வளர்ச்சி என்பது) முதல் ஆண்டிலிருந்து போட்டால் 16%, இரண்டாம் ஆண்டிலிருந்து 73%, மூன்றாம் ஆண்டிலிருந்து மைனஸ் 7%. கணக்கு தப்பா, நான் தப்பா?

பேரேடு:
இரண்டுமே தப்பில்லை. அந்த அளவுகோல் இந்தத் தொழிலுக்கு ஒத்துவராது. சோப்பு விற்றால் அன்றே வருமானம். வீட்டுக்கு, கட்டும் வேலை நகர நகர வருமானம் எழுதலாமா, இல்லை சாவி கொடுக்கும்போது மொத்தமாக எழுத வேண்டுமா என்பது விற்பனை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்கியல் விதி இதற்கு வைக்கும் சோதனைகளில் ஒன்று: வாங்குபவர் பாதியில் விலகினால், அதுவரை முடித்த வேலைக்குப் பணம் கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டா? சாவி கொடுக்கும்போதுதான் வருமானம் என்றால், அந்த 35 வேலை மும்முரமாக நடந்து, சாவி மட்டும் கைமாறாத ஆண்டாக இருக்கலாம். அப்போது வாடிக்கையாளர் கொடுத்த முன்பணம் இருப்புநிலைக் குறிப்பில் கடன் பக்கத்தில் ஏறியிருக்கும், பாருங்கள். 5 ஆண்டும் ஒரே முறையில்தான் கணக்கு எழுதினார்களா என்பதையும் கணக்குக் கொள்கைக் குறிப்பில் பார்த்துவிடுங்கள். இதைப் பலர் படிப்பதே இல்லை.

அப்புறம், வாடகைக் கட்டிடம் ஏதாவது வைத்திருக்கிறார்களா?

மழைத்துளி:
ஆமாம் சார், இரண்டு அலுவலகக் கட்டிடங்கள்.

பேரேடு:
அப்படியென்றால் 210 மேல் எனக்குச் சந்தேகம். ஐஏஎஸ் 40 என்ற சர்வதேசக் கணக்கியல் விதிப்படி, வாடகைக் கட்டிடம் போன்ற முதலீட்டுச் சொத்தை நியாய மதிப்பில், அதாவது அன்றைய சந்தை மதிப்பில், காட்டலாம். காட்டினால், மதிப்பு கூடியது அப்படியே அந்த ஆண்டு லாபத்தில் சேரும். பணம் ஒரு காசு வந்திருக்காது. அதைக் கழியுங்கள். நிலத்தை மொத்தமாக விற்ற லாபம் இருந்தால் அதையும் தனியே எடுத்து வையுங்கள்.

செங்கல்:
வாடகையையே நம்பி இருக்கும் ரீட் (REIT) எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளுக்கு இதற்கென்றே எஃப்எஃப்ஓ (FFO, செயல்பாட்டிலிருந்து வரும் நிதி) என்று ஓர் அளவு உண்டு. அமெரிக்காவில் இந்த அறக்கட்டளைகளின் சங்கமான நாரீட் 1991இல் வரையறுத்தது. நிகர லாபத்தோடு கட்டிடத் தேய்மானத்தைக் கூட்டி, சொத்து விற்ற லாபத்தைக் கழிப்பார்கள். கட்டி விற்பவருக்கு அது பொருந்தாது.

மழைத்துளி:
குறிப்புகளைத் தோண்டினேன். 210இல் 130 மறுமதிப்பீடு! 180இல் 90 ஒரே ஒரு நிலம் விற்றது. கழித்தால் 100, 35, 80, 60, 90. ஐந்தாண்டுச் சராசரி 73. வளர்ச்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எங்கே?

செங்கல்:
வரியைக் கழித்தீர்களா? மறுமதிப்பீட்டுக்கும் நில விற்பனைக்கும் பெரும்பாலும் வரி உண்டு. 130, 90 இரண்டிலும் வரி போக மிஞ்சியதை மட்டும் கழித்தால், உங்களுக்கு வந்த 80, 90 இரண்டும் கொஞ்சம் கூடும்.

மழைத்துளி:
இல்லை, தோராயமாகத்தான் போட்டேன். இன்னொன்று: செயல்பாட்டுப் பணப்புழக்கம் (தொழிலில் வந்த பணத்தில் போன பணம் போக மிச்சம்) 5 ஆண்டில் மூன்றில் மைனஸ். ஓடிவிட வேண்டியதுதானா?

பேரேடு:
பதறாதீர்கள். வீடு கட்ட வாங்கும் நிலம் இவர்களுக்குக் கையிருப்புச் சரக்கு. அதற்குக் கொடுத்த பணமும் செயல்பாட்டுப் பணப்புழக்கத்தில்தான் போகும். நிலம் வாங்கியதால் மைனஸ் என்றால் ஒரு கதை, கட்டிய வீடு விற்காமல் தேங்கியதால் மைனஸ் என்றால் வேறு கதை. கையிருப்புக் குறிப்பில் நிலம், கட்டுமானத்தில் உள்ளவை, முடிந்து விற்காதவை என்று பிரித்திருப்பார்கள். கடைசி வகை ஆண்டுக்காண்டு ஏறினால் மட்டும் கவலைப்படுங்கள். அப்படியே பணப்புழக்க அறிக்கையில் கட்டிய வட்டியையும், லாப நட்டக் கணக்கில் காட்டிய வட்டியையும் ஒப்பிடுங்கள்.

மழைத்துளி:
பார்த்தேன். கடைசி ஆண்டில் கட்டிய வட்டி 75, செலவாகக் காட்டியது 20. மீதி 55?

பேரேடு:
பெரும்பாலும் கட்டுமானச் செலவோடு சேர்த்திருப்பார்கள். விதி பல இடங்களில் அதை அனுமதிக்கிறது, மோசடி இல்லை. ஆனால் அந்த வீடுகள் விற்கும் ஆண்டில் அந்த வட்டி அடக்கவிலையாக வந்து உட்கார்ந்து லாபத்தைக் குறைக்கும். அதனால் அந்த 90ஐ அடுத்த ஆண்டுக்கு அடிப்படையாக வைக்காதீர்கள்.

மழைத்துளி:
சரி சார். முந்தைய 4 ஆண்டுகளுக்கும் இதே வட்டிக் கணக்கைப் போட்டுவிட்டு வருகிறேன்.