மான் வயித்துப் பையோட சபைக்கு வந்தவர்

உவர்மலை:
எங்கட திருகோணமலையில பத்து வருஷமா வடிகானுக்கும் குப்பைக்கும் மனு எழுதின ஆள். உள்ளூராட்சித் தேர்தலில வென்று சபையிட முதல் கூட்டத்துக்கு வந்தார். செத்த புள்ளிமானிட வயித்தில இருந்த பொலித்தீன் பையை மேசையில வைச்சார். மண்டபம் அடங்கிப் போச்சு. பிறகு ஒரே ஒரு கேள்வி: "மூடி போட்ட தொட்டிக்கு எந்தச் செலவுத் தலைப்பில காசு?" வாயைத் திறந்தவர், அப்படியே இருந்திட்டார்.

பாலையூற்று:
அவரில பிழை இல்லை. சபைகள்ட காலம் 2023 மார்ச்சில முடிஞ்சது. 2025 ஜூன் வரைக்கும் அதிகாரிகள்தான் நடத்தினவை, அந்த வருஷப் பாதீடும் அவங்க போட்டது. நடுவில வந்தவர் எங்க போய்க் காசு தேடுறது? அடுத்த வருஷப் பாதீடு தயாராகேக்க அளவு, எண்ணிக்கை, விலைமதிப்பு எழுதிக் குடுக்கணும். டிசம்பரில கத்தினா பிந்திப் போச்சு.

மட்டிக்களி:
பாலையூற்று, காசு மட்டும் இல்லை. மான் வனசீவராசிகள் திணைக்களம், குடிதண்ணி நீர்வழங்கல் சபை. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு. சபைக்கு மிஞ்சுறது ஒழுங்கையும் குப்பையும் தெருவிளக்கும். பிரதான வீதிக் குழிக்கு அவரை ஏசின சனம் இதை யோசிக்கேல்லை.

திருக்கடலூர்:
சுயேச்சையா இறங்க நினைக்கிறவைக்கு, கேக்காட்டியும் சொல்லுறன். 2025 இல கட்டுப்பணம் ஆளுக்கு 5,000 ரூபா, அங்கீகரிச்ச கட்சி வேட்பாளருக்கு 1,500 தான். ஆசனத்தில 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம். அதால தோக்கிற வட்டாரத்து வாக்கும் குழுக் கணக்கில சேரும், அங்கயும் வீடு வீடாப் போங்க. சட்டம் கேக்கிற பெண்கள் எண்ணிக்கை குறைஞ்சா வேட்புமனு போச்சு. 2025 இல கன மனு பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியில விழுந்து, நீதிமன்றம் வரை போனது. முடிவு வந்து 21 நாளுக்குள்ள செலவறிக்கை குடுக்கணும், தோத்தவரும்தான். இது 2023 ஆம் ஆண்டு 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம். ஊர்வலம் நடத்தினவை பற்றுச்சீட்டு வைக்கிறதில்லை, அதில மாட்டுப்படுவினம். உறுப்பினரானாலும் ஆர்டிஐயை, அதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில விண்ணப்பம் போடுறதை, விடாதீங்க. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும், இல்லாட்டி குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுக்கும் பிறகு ஆணைக்குழு.

பாலையூற்று:
அந்தப் பைக்கு என்ன நடந்தது?

உவர்மலை:
ஆரோ பேப்பரில சுத்தி வெளிய கொண்டு போனாங்க. பிரேரணை எழுத்தில இல்லாததால கூட்டக் குறிப்பில அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.