முடிவு முன்பே தெரிந்த தொகுதியில் எதிர்ப்பு வாக்குக்குப் பயன் உண்டா?

நொய்யல்கரை (கேள்வி):
கலிபோர்னியாவில் குடியுரிமை பெற்று வாழும் என் மைத்துனர், அம்மாநிலம் எப்படியும் ஜனநாயகக் கட்சிக்கே போகும் என்பதால் அதிபர் தேர்தலில் மூன்றாம் கட்சிக்கே வாக்களிக்கிறார். முதலிடம் பெறுபவருக்கே, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத்தின் 54 தேர்வாளர்களும் கிடைப்பதால், தன் வாக்கால் யாருக்கும் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்கிறார். திருப்பூர்ப் பக்கம் உள்ள எங்கள் சட்டமன்றத் தொகுதியிலும் தேர்தலுக்குத் தேர்தல் ஒரே கட்சிதான். சாயப்பட்டறைக் கழிவுநீரைப் பற்றி மனு கொடுத்தே சலித்துவிட்டதால், இம்முறை நோட்டாவை அழுத்த எண்ணுகிறேன். அவருடைய கணக்கு இங்கும் பொருந்துமா?

மஞ்சள் மண்டி:
கணக்கு பொருந்தும், நோட்டா பொருந்தாது. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த அந்தப் பொத்தான் சட்டமன்றத் தேர்தலில் முதலிடமே பெற்றாலும், அடுத்து நிற்கும் வேட்பாளர்தான் உறுப்பினர் ஆவார். டெபாசிட்டைக் காப்பாற்றத் தேவையான ஆறில் ஒரு பங்கைக் கணக்கிடும்போதுகூட அந்த வாக்குகளைச் சேர்ப்பதில்லை. நீங்கள் கழிவுநீருக்காக அழுத்தினீர்களா, வேட்பாளரைப் பிடிக்காமல் அழுத்தினீர்களா என்பதும் யாருக்கும் தெரியப்போவதில்லை. சிறு கட்சிக்குப் போடும் வாக்கு அப்படியல்ல. மாநிலக் கட்சி என்ற அங்கீகாரத்துக்கான 8 விழுக்காடு மாநிலம் முழுவதையும் கூட்டிப் பார்க்கப்படுவதால், தோற்பது உறுதியான தொகுதியின் வாக்கும் அதில் சேரும். 2024 மக்களவைத் தேர்தலில் ஓரிடமும் வெல்லாத நாம் தமிழர் கட்சி அங்கீகாரம் பெற்றது இவ்வழியில்தான்.

அமெரிக்காவிலும் நாடு முழுவதும் 5 விழுக்காடு பெறும் கட்சிக்கு அடுத்த அதிபர் தேர்தலில் அரசு நிதி உண்டு. 2000இல் மூன்றாம் கட்சியான பசுமைக் கட்சியின் வேட்பாளர் ரால்ஃப் நாடர் தரப்பு அதைக் குறிவைத்து 3 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆனால் புஷ் 537 வாக்குகளில் வென்ற புளோரிடாவில் மட்டும் நாடருக்கு 97 ஆயிரத்துக்கும் மேல் விழுந்திருந்தது. உங்கள் மைத்துனர் அங்கே குடியிருந்திருந்தால் இவ்வளவு நிம்மதியாகப் பேச முடியாது.

காளிங்கராயன் வாய்க்கால்:
நம் பக்கத்து அனுபவத்தையும் பாருங்கள். 1996இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறைகளை நாடு அறிய வேண்டும் என்று கூட்டங்கூட்டமாக மனுத்தாக்கல் செய்ய, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குப்பதிவு தள்ளிப்போனது, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட நேர்ந்ததால், சின்னத்தைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. வென்றவர் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன். அதே ஆண்டில் சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பேர் கிடைத்தது, கதவு இறுகியது!

அதைவிட 2009 மக்களவைத் தேர்தல் பலன் தந்தது என்பேன். தனித்து நின்ற கொங்குநாடு முன்னேற்றக் கழகம் கோவையில் மட்டும் ஒரு இலட்சத்துக்கும் மேல் வாங்கியது. இடம் கிடைக்கவில்லை, ஆனால் 2011இல் திமுக கூட்டணி அதற்கு 7 தொகுதிகளை ஒதுக்கியது. (ஏழிலும் தோற்றது வேறு கதை.)

பாரியூர்:
"எப்படியும் அவர்தான்" என்பதை வாக்கு எண்ணும் நாள் வரைக்கும் நம்ப வேண்டாம். கோபியில் 1980 முதல் தொடர்ந்து வென்ற செங்கோட்டையன் 1996இல் தோற்றார்.

நொய்யல்கரை:
நோட்டாவை விட்டுவிடுகிறேன். ஆனால் கழிவுநீரைப் பற்றிப் பேசும் வேட்பாளரே இல்லையென்றால்?

மஞ்சள் மண்டி:
நீங்களே நிற்கலாமே. தொகுதி வாக்காளர் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். டெபாசிட் இப்போது 10,000 ரூபாய். அது திரும்பி வராது என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள்.