புயல் நேரத்துக்கு விறகடுப்பு: எதை வாங்குவது? (அவசரம்)

கொல்லைமேடு: ஐப்பசி மழை நெருங்கிவிட்டது. கையில் ஒரு விறகடுப்பு இருக்கட்டும் என்கிறார்கள் வீட்டில். எதை வாங்கலாம்? நாளை திருவாரூர் போகிறேன், இன்றே சொல்லுங்கள்.

ஆற்றங்கரை: எத்தனை பேருக்குச் சமையல்? எங்கே வைப்பீர்கள்? என்ன விறகு கிடைக்கும்?

நீலச்சுடர்: எதற்கு இந்த வேலை? 14.2 கிலோ சிலிண்டர் இன்னொன்று வாங்கி வையுங்கள்.

தென்னந்தோப்பு: 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததே, அன்று எங்கள் தெருவில் மரங்களுக்கு நடுவே ஆளே நுழைய முடியவில்லை, சிலிண்டர் வண்டி எங்கே வரும்? தோப்பு முழுக்கத் தென்னை சாய்ந்து கிடந்தது. அத்தனையும் பச்சை மரம். ஒரு வேளைச் சோறு வேகவில்லை. அடுப்பை அப்புறம் பாருங்கள். காய்ந்த மட்டையையும் கொட்டாங்கச்சியையும் இப்போதே சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றுங்கள்.

நெல்மணி: உமி அடுப்புதான். நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் உமியை இறுக்கி அடைத்து, பாட்டிலைத் திருகி உருவுங்கள். ஊதவே வேண்டாம், நின்று எரியும்.

தென்னந்தோப்பு: உமி நனைந்தால்?

மூத்தவன்: இதற்குப் பலமுறை எழுதிவிட்டேன், பழைய பதிவைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். 'டங்' என்றால் காய்ந்தது, 'தொப்' என்றால் ஈரம். எரியும்போது மறுமுனையில் நுரை தள்ளினாலும் ஈரம்தான். இதுகூடத் தெரியாதவர் எந்த அடுப்பு வாங்கினால் என்ன? சிமென்ட் கொடியடுப்பு போதும், பெரிய அடுப்பின் தீ பக்கத்தில் ஒட்டிய சின்ன அடுப்புக்கும் போகும். ஒரே தீயில் சோறும் குழம்பும் ஆகிவிடும்.

நெல்மணி: அது கோடியடுப்பு. கோடியில் இருப்பதால்.

மூத்தவன்: கொடிபோல் கிளைப்பதால் கொடியடுப்பு. அகராதியைப் பாருங்கள்.

நெல்மணி: என் ஆத்தா அகராதி பார்த்துச் சமைக்கவில்லை.

கொல்லைமேடு: ஆறு பேர். மாடி வீடு. சமையலறையில்தான் வைப்போம். ஒரே ஜன்னல், மழைக்கு அடைத்துவிடுவோம். அம்மாவுக்கு இழுப்பு உண்டு.

ஆற்றங்கரை: இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! அடைத்த அறையில் வேண்டவே வேண்டாம். புகையாவது கண்ணைக் கரிக்கும். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெறும் தணலிலிருந்தும் வரும். கொல்லைத் தாழ்வாரத்தில், சாரல் படாத இடமாகப் பாருங்கள். தரையில் போட்ட மண்ணடுப்பு வெள்ளம் புகுந்தால் கரைந்துவிடும். தூக்கி வைக்கக்கூடிய இரும்பு அடுப்பாக வாங்கி, செங்கல் மேல் ஏற்றுங்கள்.

நெல்மணி: தஞ்சாவூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் கோடிதான்.

கொல்லைமேடு: இரும்பு அடுப்பு வாங்கித் தாழ்வாரத்தில் ஒத்திகை பார்த்தோம். சோறு வெந்தது. குக்கர் அடி கரிக்கட்டை. வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

தென்னந்தோப்பு: அடுத்த முறை பாத்திரத்தின் வெளிப்புறம் சாம்பலைக் குழைத்துப் பூசி ஏற்றச் சொல்லுங்கள். கழுவும்போது கரியும் சேர்ந்தே போய்விடும்.

மூத்தவன்: கொடி.